சுவரில் எழுதப் போகும் பெயர்

சான் மெல்சோர் மலையூர்
2011, செப்டம்பர் 4

எர்மிலோவுக்கு,

வால்நட்சத்திரம் வரப்போகிறது என்று பாதிரியார் சொன்னதைக் கேட்டு ஊரே கூரையேறி நின்று, மேகத்தைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் கழுத்து வலியோடு இறங்கிய வருஷம் உமக்கு நினைவிருக்கும். தலைநகரம் குலுங்கி இடிந்ததற்கு அடுத்த வருஷம். உலகக் கால்பந்தாட்டம் நம் நாட்டிலேயே நடந்த வருஷம். பள்ளிக்கூட வாத்தியார் தன் ரேடியோவைக் கொண்டுவந்து சுகாதார வீட்டு ஜன்னலில் ஆணியடித்து மாட்டினார், ஊரில் அங்கேதான் அலை நன்றாகக் கிடைக்கிறது என்று. அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இத்தனை காலம் எழுதவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. அது உமக்குத் தெரிந்ததுதான். அதை வைத்துத்தானே அன்று ஊர்க்கூட்டத்தில் பேசினீர்.

இதைத் தட்டச்சு செய்கிறவர் கீழே சந்தை ஊரில், கோவில் வளைவுக்கு அடியில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தோன் குத்பெர்த்தோ. நம் மலைக்காரர் இல்லை. காதல் கடிதம், வழக்குக் கடிதம் எல்லாம் அடித்து அடித்து எதற்கும் முகம் மாறாதவர். "பெரியவரே, மெதுவா சொல்லும், மிஷினுக்கு மூச்சு வாங்குது" என்கிறார். மெதுவாகவே சொல்கிறேன்.

வடக்கே எல்லை தாண்டிப் போன நம் பிள்ளைகள் சேர்த்து அனுப்பியதில் புதிய சுகாதார வீடு எழும்பிவிட்டது. தகரக் கூரை இல்லை, கான்கிரீட். நம் ஊர்த் திருவிழாவான, ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் நாளில் திறக்கிறார்கள். ஊர்த்தலைவன் இப்போது எலாதியோ, பழைய தலைவர் மக்காரியோவின் மகன். அவன் பெயின்டருக்கு ஆள் அனுப்பிவிட்டான். கதவுக்கு மேலே நீல எழுத்தில் "எர்மிலோ பௌதிஸ்தா சுகாதார வீடு" என்று எழுதப் போகிறார்களாம். இந்த ஊரின் முதல் மருந்துக்காரர் நீராம்.

அந்தக் கதவுக்குள் நின்று வேலை செய்யப் போகிறவள் யார் தெரியுமா? கிரெசென்சியாவின் மகள் ஒதிலியா. சந்தை ஊரில் பயிற்சி முடித்து வந்து, மருந்துப் பெட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறாள். இடது பாதத்தை இன்னும் தரையில் இழுத்துத்தான் நடக்கிறாள்.

அந்தக் காலைக் கெடுத்த ஊசியைப் போட்டது நீர். நான் இல்லை. அது உமக்கும் எனக்கும் தெரியும். சுவரில் உம் பெயரை எழுதும் முன் ஊர்க்கூட்டத்திலே அதைச் சொல்லிவிடும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன். ஆள்காட்டி விரலைக் காபிக்கொட்டை உரிக்கும் மிஷின் தின்றுவிட்டது உமக்குத் தெரியும்.

நபோர்


ஃப்ரெஸ்னோ
2011, அக்டோபர் 2

என் அன்புக்குரிய கொம்பாத்ரே நபோர்,

உமது கடிதம் வந்த நாள் எனக்குத் திருநாள். பார்சல் வண்டிக்காரர் உறையை நீட்டியதும் அடித்த எழுத்தாக இருக்கிறதே, வக்கீல் கடிதமோ என்று பயந்தேன். உம் ரேகையைப் பார்த்ததும் முத்தமிட்டேன். உம் மனைவி எவுஸ்தோலியா அம்மாள் தவறியதைக் கேள்விப்பட்டு இங்கே பூசை வைத்தோம். என் ஞானமகன், உம் மகன் அபுந்தியோ எங்கே இருக்கிறான்? இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லும்.

பெயர் எழுதுவது என் யோசனை இல்லை, கொம்பாத்ரே. இங்குள்ள பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் மக்கள் அன்பை எத்தனை தரம் தள்ளுவது?

மற்ற விஷயம். அது நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. நாம் இருவரும் அன்று இளைஞர்கள், ஒரு சிறு பயிற்சியை முடித்துவிட்டு டாக்டர் என்று நினைத்துக்கொண்டோம். யார் கை, யார் ஊசி என்று இன்று கிண்டினால் யாருக்கு நன்மை? அந்தக் குழந்தைக்கு நான் குறை வைத்தேனா? இரும்புப் பட்டை வைத்த ஷூ இங்கிருந்துதான் போனது, ஒவ்வொரு தரம் கால் வளரும்போதும். படிக்க வைத்ததும் நான்தான். அவள் இன்று சாவி வைத்திருக்கிறாள் என்றால் அதில் என் பங்கு இல்லையா?

இங்கே எனக்குச் சர்க்கரை வியாதி. தினமும் வயிற்றில் நானே ஊசி போட்டுக்கொள்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. கடவுள் கணக்கை அவரே பார்த்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளும்.

குளிருக்கு ஒரு ஜாக்கெட் அனுப்பியிருக்கிறேன். உள்ளே கம்பளி.

உமது கொம்பாத்ரே,
எர்மிலோ


சான் மெல்சோர் மலையூர்
2011, அக்டோபர் 23

எர்மிலோவுக்கு,

ஜாக்கெட்டைப் பார்சல் வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன். இந்த ஊரில் அந்த மாதிரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால், "சௌசௌவுக்குத் தோல் வந்துடுச்சு" என்பார்கள்.

என்னைக் கொம்பாத்ரே என்று கூப்பிடாதீர். என் மகனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியபோது ஞானத்தகப்பனாகப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான் நீர். அன்றிலிருந்து நாம் ஒருவரையொருவர் மரியாதை குறையாமல் பேசினோம், சண்டை போடவில்லை. கொம்பாத்ரே ஆனவர்கள் ஊர்க்கூட்டத்தில் ஒருவருக்கு எதிராக மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பது முன்னோர் வைத்த முறை. அந்த முறையை நான் காத்தேன்.

யார் கை, யார் ஊசி என்று மறந்துபோனது போல எழுதுகிறீர். எனக்கு மறக்கவில்லை. எழுத்துத் தெரிந்தவர் காகிதத்தில் போட்டுவைத்து மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

நம் இருவரையும் ஊர்தான் அனுப்பியது. மிஷன் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் நர்ஸ் தோமித்திலா பாடம் நடத்தினார். எனக்காக மாத்திரைப் பொட்டலத்தில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுத்தார். ஊசி பழக சௌசௌக்காய். தண்ணீரை ஏற்றி ஏற்றி, சாயங்காலம் அதையே சூப்பாக வைத்துக் கொடுப்பார். பிறகு ஒரு பழைய கால்சட்டையில் வைக்கோல் திணித்து, பின்பக்கத்தில் சிவப்புச் சாக்பீஸால் சிலுவை போட்டார். மேலே, வெளிப்பக்கத்துக் கட்டத்தை மட்டும் தொட்டுக் காட்டி, "இது உங்களோடது. மத்த மூணும் சாமியோடது. அங்க நரம்பு ஓடுது. தொட்டா கால் போச்சு" என்றார். அந்தக் கால்சட்டையைப் பார்த்து நீர் சிரித்தீர். மக்காரியோவின் பின்பக்கம் மாதிரியே இருக்கிறது என்றீர். நானும் சிரித்தேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். நம் நாடும் ஜெர்மனியும் ஆடின. ஜன்னலுக்கு வெளியே ஊரே ரேடியோவைச் சுற்றி நின்றது. கிரெசென்சியா நாலு வயசு ஒதிலியாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குச் சளி, லேசாகக் காய்ச்சல். நான் மாத்திரை எடுத்தேன்.

"மாத்திரையா? அதக் கோழிக்குப் போடு. என் புள்ளைக்கு ஊசி போடுங்க எர்மிலோ. ஊசி இல்லாம என்ன வைத்தியம்?" என்றாள். ஊசியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொல்லி, வெளியே போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கொம்பாத்ரே, இது வெறும் சளிங்க. ஊசி வேணாம்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க" என்றேன்.

"நர்ஸம்மா இங்கயா இருக்காங்க? ஆட்டம் முடியப் போவுது. காலப் பிடிங்க கொம்பாத்ரே" என்றீர்.

பிடித்தேன். அதுவரை என் பங்கு. குழந்தை குப்புறக் கிடந்தது. வெளியே யாரோ, "நம்மாளு அடிக்கப் போறான்!" என்று கத்தினார்கள். நீர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினீர். கை மட்டும் இறங்கியது. நம் ஆள் அடித்த பந்தைக் கோல்கீப்பர் பிடித்துவிட்டான். "ஐயோ, நாசமாப் போக!" என்று நீர் கத்தியதும், குழந்தை கத்தியதும், ஊர் கத்தியதும் ஒரே நேரம். குழந்தை கத்தியதை யாரும் கேட்கவில்லை.

கால் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகு கூட்டம் கூடியது. மக்காரியோ கேட்டார், "யாருய்யா போட்டது?" என்று. நான் உம்மைப் பார்த்தேன். நீரே சொல்ல வேண்டியது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீர் எழுந்தீர். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டீர்.

"ஐயாமாரே, ஆட்டத்தக் கேக்கத் திரும்பினது என் தப்பு. திரும்பிப் பாத்தா ஊசி கொம்பாத்ரே நபோர் கையில. அவரத் திட்டாதீங்க. பாவம், எழுத்துத் தெரியாதவரு, ஆசப்பட்டுட்டாரு."

அவரைத் திட்டாதீங்க! ஒருவன் பின்னாலிருந்து, "சௌசௌக்காய்னு நினைச்சுட்டாரு போல" என்றான். அன்று ஒட்டிய பெயர். இப்போது பிறக்கிற பிள்ளைகளும் காரணம் தெரியாமல் அதையே சொல்லிக் கூப்பிடுகின்றன.

நர்ஸ் தோமித்திலா மலையேறி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்களா?" நான் அப்போதும் உம்மைத்தான் பார்த்தேன். நீர் பெட்டிக்குள் பஞ்சை அடுக்கிக்கொண்டிருந்தீர். என் இடுப்பிலிருந்து சாவியை அவரே உருவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் எனக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்கவில்லை. தண்ணீர்க் குழாய்க்குக் காவல் இல்லை, திருவிழாவுக்கு மெழுகுவத்தி இல்லை, மணியடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. நம் ஊரில் பொறுப்புக் கொடுக்காத மனுஷன் செத்தவனுக்குச் சமம். செத்தவனுக்காவது பேண்டு வாசிப்பார்கள். ஊருக்கு உழைக்காதவனுக்கு அதுவும் கிடையாது. எவுஸ்தோலியாவைத் தூக்கிப் போனபோது எங்கள் காலடிச் சத்தம்தான் கேட்டது.

நவம்பர் கடைசி ஞாயிறு ஊர்க்கூட்டம். உம்மை வாழ்த்த, போன் கடை ஒலிபெருக்கியை உம் குரலுக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். அப்போது சொல்லும்.

நபோர்


ஃப்ரெஸ்னோ
2011, நவம்பர் 11

கொம்பாத்ரே,

நீர் தடுத்தாலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். தண்ணீர் ஊற்றியது ஊற்றியதுதான், அதைத் துடைக்க முடியாது.

ஜாக்கெட் திரும்பி வந்தது. என் மருமகள் உறையைப் பிரித்து, "யாரு மாமா இந்தத் திமிர் பிடிச்ச கிழவர்?" என்று கேட்டாள். என் உயிர் நண்பர் என்றேன்.

உம் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. மறைக்கவில்லை. நான் இங்கே எத்தனை வருஷம் ஸ்ட்ராபெரி வயலில் முதுகை வளைத்தேன் என்று உமக்குத் தெரியாது. கோவில் கூரை, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, இப்போது சுகாதார வீடு, எல்லாவற்றிலும் என் வியர்வை இருக்கிறது. ஒரு நாள் ஒரு நொடி தலையைத் திருப்பினதற்காக அத்தனையும் இல்லையென்று ஆகிவிடுமா?

பிறகு கோபம் இறங்கியது. பேண்டு இல்லாமல் எவுஸ்தோலியா அம்மாள் போனதை எழுதியிருந்தீரே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த அம்மாள் கையால் நான் எத்தனை தரம் சோள ரொட்டி சாப்பிட்டிருப்பேன்.

சரி. ஞாயிறு கூப்பிடுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நில்லும். என்னை நம்பும்.

எர்மிலோ


சான் மெல்சோர் மலையூர்
2011, டிசம்பர் 4

எர்மிலோவுக்கு,

நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டேன். முன்னால் போய் நின்றேன். நான் முன்னால் நிற்பதைப் பார்த்து எலாதியோ, "என்ன பெரியவரே, பாட்டுப் பாடப் போறீங்களா?" என்றான். "கேக்க வந்திருக்கேன்" என்றேன்.

போன் கடைக்காரி ஒலிபெருக்கியைத் திருகினாள். உம் குரல் மலை முழுக்கக் கேட்டது. காபி பறித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கூடையை இறக்கி வைத்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். இன்று என் கழுத்திலிருந்து இது இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

நீர் என்ன பேசினீர்? நான் மறுபடி சொல்கிறேன், உம் காதால் கேளும்.

"நீலம் வேணாம்ப்பா, பச்சை நல்லாருக்கும். எழுத்து பெருசா இருக்கட்டும், பஸ்ல வர்றவனுக்குத் தெரியணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காத்திருந்தேன். பிறகு தொண்டையைச் செருமினீர். வருகிறது என்று நினைத்தேன்.

"அங்க என் கொம்பாத்ரே நபோர் நிப்பார். அவர யாரும் பழசச் சொல்லி நோகடிக்காதீங்க. நான் அவர எப்பவோ மன்னிச்சுட்டேன். ஊரும் மன்னிச்சிரணும்."

ஊர் கைதட்டியது. எர்மிலோ, அவர்கள் கைதட்டினார்கள்! என் தோளில் தட்டினார்கள். ஒருத்தி அழுதாள், என்ன பெரிய மனசு என்று. முதல் தரம் என்னைக் குற்றவாளி ஆக்கினீர். இந்தத் தரம் நன்றி சொல்ல வேண்டியவன் ஆக்கிவிட்டீர். முதலாவதாவது பயத்தில் வந்தது. இதற்கு நீர் யோசித்திருக்கிறீர்.

ஒதிலியா கடைசியில் நின்றாள், சுவரில் சாய்ந்து. அவள் கைதட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை மன்னிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தோன் குத்பெர்த்தோ மிஷினை நிறுத்திவிட்டு, "இந்த ஆளுக்கு இன்னும் என்னத்துக்குய்யா எழுதுறீர்?" என்கிறார். முகம் மாறாதவர் என்று சொன்னேனே, இன்று மாறிவிட்டது.

இனி எழுத மாட்டேன்.

நபோர்


ஃப்ரெஸ்னோ
2011, டிசம்பர் 13

நபோர்,

கொம்பாத்ரே என்று எழுதி அடித்துவிட்டேன்.

சொல்லத்தான் கூப்பிட்டேன். நம்ப மாட்டீர். வாக்கியத்தைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். போனில் ஊர்ச் சத்தம் கேட்டது. கழுதை கத்தியது, பிள்ளைகள் ஓடின, யாரோ "தோன் எர்மிலோ வாழ்க" என்றார்கள். இங்கே என்னை யாரும் தோன் என்று மரியாதையாகக் கூப்பிடுவதில்லை. நாக்கு தானாகத் திரும்பிக்கொண்டது.

ஊசியை நான்தான் போட்டேன். கீழே, உள்பக்கம், சாமியுடைய கட்டத்தில். ஊசி இறங்கும்போதே கைக்குத் தெரிந்தது. நீர் பிள்ளையின் காலைப் பிடித்திருந்தீர், பெட்டியைத் தொடக்கூட இல்லை.

ஏன் உம் பேரைச் சொன்னேன் என்று பல தரம் யோசித்திருக்கிறேன். அந்த வருஷம் என்னை ஊர்ச் செயலாளர் ஆக்குவதாகப் பேச்சு. என் மனைவி முழுகாமல் இருந்தாள். உம்மைப் பார்த்தேன். எழுத்தும் இல்லை, பதவியும் இல்லை, இழக்க இவருக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நீர் வாய் திறக்க மாட்டீர் என்பதும் தெரியும். நம் முறை மேல் உமக்கு இருந்த நம்பிக்கையை நான் கருவியாக எடுத்துக்கொண்டேன். அதுதான் உண்மை, இதைவிட மோசமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இது உம் காதுக்கு மட்டும். என் பேரப்பிள்ளைகள் திருவிழாவுக்கு வருகிறார்கள், சுவரோடு நின்று படம் எடுக்க. தோன் குத்பெர்த்தோவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும், வாசித்ததும் எரித்துவிடும். நீர் ஒருவர் கேட்டுவிட்டால் போதும். உமக்கு வேண்டியது அதுதானே?

எர்மிலோ


சான் மெல்சோர் மலையூர்
2012, ஜனவரி 9

எர்மிலோவுக்கு,

இனி எழுத மாட்டேன் என்றேன். எழுதுகிறேன். இது அடித்த எழுத்து இல்லை, கையெழுத்து, பார்த்திருப்பீர். யார் கை என்று போகப்போகத் தெரியும்.

உம் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தோன் குத்பெர்த்தோ மிஷினை மூடிவைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். உறை என் சட்டைக்குள்ளேயே கிடந்தது. பண்டிகை முடியும்வரை காத்திருந்திருக்கலாம். அவர் வந்திருப்பார். நான் காத்திருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதுவாக இருந்தாலும் அதைக் கேட்க வேண்டிய காது என்னுடையது மட்டும் இல்லை என்று தோன்றியது. நேராகச் சுகாதார வீட்டுக்குப் போனேன்.

ஒதிலியா கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். பாதையில் அவளும், உயிரோடு இருந்தவரை அவள் அம்மாவும் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றுவேன், அந்தப் பழக்கம். குளிர்காலம் வந்தால் அவர்கள் வாசலில் விறகுக் கட்டு வைத்துவிட்டுப் போவேன். ஊசி என்னுடையது இல்லை, ஆனால் அந்தக் காலைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தானே என்று. கிரெசென்சியா விறகை உள்ளே எடுத்துக்கொள்வாள். ஒரு நாளும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை.

"இதக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு தாயி" என்றேன்.

"யாருது தாத்தா?"

"வடக்கேருந்து."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மருந்துப் பாட்டில் மேலிருப்பதை வாசிப்பாளே, அதே குரலில் வாசித்தாள். கழுதை கத்தியது, பிள்ளைகள் ஓடின. "ஊசியை நான்தான் போட்டேன்." அங்கே அவள் நிற்கவில்லை. குரல் மாறவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எழுத்துத் தெரியாதவன்தான், ஆனால் ஒருத்தர் ஒரு சேதியை முதல் தரம் கேட்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியும்.

முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் தாத்தா."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே. குப்புறக் கிடந்தா என்ன? என் காலப் பிடிச்ச கையில ஒரு விரல் இல்ல. ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சிருந்தீங்க. அந்தக் கை எப்படி ஊசி போடும்?"

கத்தரிக்கோல் கொதித்துக்கொண்டே இருந்தது.

"ஏன் தாயி சொல்லல?"

"அம்மாட்ட சொன்னேன். வாயில ஒண்ணு வச்சா. ஷூ யாருகிட்டருந்து வருது தெரியுமான்னு கேட்டா. அப்புறம் பெரியவளாயிட்டேன், அப்புறம் படிப்பு. அப்புறம்..." அடுப்புத் தீயைக் குறைத்தாள். "பழகிப்போச்சு தாத்தா. நீங்க ஒதுங்கி நிக்கிறதும் பழகிப்போச்சு, நாங்க தாண்டிப் போறதும் பழகிப்போச்சு."

எர்மிலோ, நீர் செய்தது எனக்குத் தெரிந்த துரோகம். அதோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்திவிட்டேன். இது எனக்குத் தெரியாதது. என் விறகில் அவர்கள் குளிர்காய்ந்திருக்கிறார்கள், தெரிந்துகொண்டே. நீர் அனுப்பிய ஷூ வெறும் ஷூ இல்லை. ஒரு தாயின் வாய்க்கும் ஒரு பிள்ளையின் வாய்க்கும் பூட்டு.

நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. உம் காதுக்கு மட்டும் என்று எழுதியிருந்தீர். என் காதுக்குப் போக அடுத்தவர் கண் வழியாகத்தான் போக வேண்டும், அது யார் கண் என்று தேர்ந்தெடுப்பவன் நான் என்பதை மறந்துவிட்டீர். எழுத்துத் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் கடைசி ஊர்க்கூட்டம். நான் போவதில்லை என்றுதான் இருந்தேன், கால் தானாக அங்கே நடந்துவிட்டது. பெயின்டர் பச்சை டப்பாவோடு வெளியே உட்கார்ந்திருந்தான். எலாதியோ, "பேரு விஷயத்துல யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்டான். ஒதிலியா கையைத் தூக்கினாள்.

"எழுத வேணாம்" என்றாள்.

"ஏம்மா? உன்னப் படிக்க வச்ச மனுஷன் பேரு அது."

அவள் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். ஷூவைக் கழற்றினாள், இரும்புப் பட்டையோடு. பாதம் தொங்கியது. ஊர் முழுக்க அந்தக் காலை நடக்கும்போது பார்த்திருக்கிறது, நிற்கும்போது பார்த்ததில்லை.

"அந்தப் பேரு இதுல எழுதியிருக்கு. எழுதினது அவருதான், நபோர் தாத்தா இல்ல. சுவத்துல வேற எதுக்கு?" என்றாள். உம் கடிதத்தை எலாதியோ கையில் கொடுத்தாள்.

எலாதியோ வாசித்தான், மனசுக்குள்ளேயே. உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். கடிதம் பெஞ்சு பெஞ்சாகப் போனது. வாசிக்கத் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்தார்கள், தொப்பியைப் பார்த்தார்கள். நவம்பரில் என் தோளில் தட்டினார்களே, அந்தக் கைகள் எல்லாம் மடியில் இருந்தன.

எலாதியோ தொண்டையைச் செருமினான். "சரி. சுவர் சும்மா இருக்கட்டும். அடுத்த விஷயம், கல்லறைத் தோட்டத்துல ஆடு மேயுது."

அவ்வளவுதான். ஆட்டைப் பற்றிக் கூட்டம் முடியும்வரை பேசினார்கள்.

மறுநாள் திறந்தார்கள். பேண்டு வாசித்தது. சுவர் வெள்ளையாக இருக்கிறது. உம் பேரப்பிள்ளைகள் வந்தார்கள், நல்ல பிள்ளைகள், எழுத்து எங்கே என்று தேடினார்கள். பெயின்ட் காய நாளாகும் என்று யாரோ சொல்லி வைத்தார்கள். நான் பொய் சொல்லவும் இல்லை, மெய் சொல்லவும் இல்லை. தெருவில் ஒரு வாண்டு என்னைப் பார்த்து "சௌசௌ!" என்று கத்திவிட்டு ஓடியது. அதன் அம்மா இந்தத் தரம் அதை ஒரு அறை அறைந்தாள். நான் பார்த்த மாற்றம் அது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தை எழுதித் தரச் சொல்லி மறுபடி அவளிடமே போனேன். "இதெல்லாம் நானே எழுதணுமா தாத்தா?" என்றாள். "நீதான் எழுதணும். ஒரு வார்த்தை விடக் கூடாது" என்றேன். பழகிப்போச்சு என்ற இடத்தில் பேனா நின்றது. நான் காத்திருந்தேன். எழுதிவிட்டாள்.

நீர் ஒருவர் கேட்டால் போதும், உமக்கு வேண்டியது அதுதானே என்று கேட்டிருந்தீர். இல்லை. எனக்கு வேண்டியவர்கள் கேட்க வேண்டியிருந்தது. நர்ஸ் தோமித்திலா, "நீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார். மக்காரியோவை மின்னல் தாக்கியது. ரேடியோ மாட்டிய வாத்தியார் தலைநகரில் எங்கோ செத்தார். சௌசௌ என்று முதலில் சொன்னவன் குடித்தே போனான். என் மனைவி எவுஸ்தோலியா என்னை நம்பினாள், ஆனால் நம்பிக்கைதான் இருந்தது அவளிடம், கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லை. கிரெசென்சியா தெரிந்துகொண்டே போனாள். உம்மை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நீர் இருக்கும் இடத்தில் உம்மை யாருக்கும் தெரியாது, இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இரண்டுக்கும் நடுவில் இருப்பவரை இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது. நான் இந்தக் குளிரைத் தாண்டினால் ஆச்சரியம்.

அந்த அறையில் அன்று இருந்தவர்களில் இனி உயிரோடு இருக்கப் போவது ஒரே ஒருத்தி. என்னைத் தூக்கிப் போகிற நாளில் பேண்டு வாசிக்கச் சொல்வாளா, கதவைச் சாத்திக்கொள்வாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். ரேகைக்குப் பதிலாக இந்தத் தரம் உன் பேரைக் கீழே போடு என்று சொன்னேன். போடுகிறாள்.

ஒதிலியா